துருவுக்கு மருந்து என்று நம்பி 41,300 ரூபாய் போன கதை

ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கிறேன். 26 வருஷம் ஆச்சு. இந்தத் தொழிலில் எனக்கு நிரந்தர எதிரி துருதான். உப்புக்காத்து ஸ்பேனரைத் தின்னும், நட்டைத் தின்னும், போன வாரம் மாட்டின கிளாம்பை இந்த வாரம் தின்னும். அதனால் ஒருத்தன் வந்து "உங்க ரத்தக்குழாய் உள்ளுக்குள்ள துருப்பிடிச்சிருக்கு மச்சான்" என்று சொன்னபோது எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் ரெண்டு கேள்வி கேட்டிருப்பார்கள். நான் கேட்கவில்லை. ஆறு மாசத்தில் போன காசையும், அதைவிடப் பெரிதாகப் போக இருந்ததையும் வரிசையாக எழுதிவிடுகிறேன். மாரடைப்பு வந்து வீட்டுக்குத் திரும்பிய யாராவது ஒருவர் கையில் இது கிடைத்தால் போதும்.

2024 மே மாசம் எனக்கு அட்டாக் வந்தது. தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. படகுக்காரருக்கு அது சும்மா இருக்கிற காலம், எங்களுக்கு அதுதான் சீசன். ஒரே நேரத்தில் மூன்று லேலண்ட் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தேன். காலை பத்து மணிக்கு நெஞ்சுக்குள் யாரோ கல்லை வைத்த மாதிரி ஒரு பாரம், கூடவே இடது தாடை வலி. வாயு என்று முடிவு பண்ணினேன். சோடாவில் எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்டுக் குடித்தேன், ஏப்பம் வந்தது, சரியாயிடும் என்று திரும்பவும் குனிந்து வேலை பார்த்தேன். ஒரு மணிக்குச் சட்டை பிழியலாம் போல வியர்த்தபோதுதான் கூட இருந்த பையன் என்னைக் கேட்காமலே 108-க்கு அடித்தான். அந்த மூன்று மணி நேரத்தை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். அடைபட்ட குழாய்க்குக் கீழே இருக்கிற இதயத் தசை ஒவ்வொரு நிமிஷமும் செத்துக்கொண்டிருக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. நான் அங்கே இன்ஜெக்டர் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஈசிஜி எடுத்து, ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டர்வாஸ்டாடின் மூன்றையும் கையில் கொடுத்து விழுங்கச் சொன்னார்கள். 2023-ல் தமிழக அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் அந்த மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கும். பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை ரத்தம் மேலும் உறையாமல் இருக்க அது முதல் பிடி. அங்கிருந்து ராமநாதபுரம், கட்டி கரைக்கிற ஊசி. மூன்றாம் நாள் மதுரையில் ஆஞ்சியோ, ஒரு ஸ்டென்ட், அதாவது அடைபட்ட குழாயை விரித்து வைக்கிற சின்னக் கம்பிவலை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் ஸ்டென்ட்டுக்குக் கையிலிருந்து கொடுக்கவில்லை. வண்டி, கூட இருந்தவர்கள் சாப்பாடு, ரூம் என்று 17,000 போல ஆனது. அட்டை இல்லாதவர்கள் இன்றைக்கே போய் எடுத்து வையுங்கள். படுத்த பிறகு வீட்டுக்காரி ரேஷன் கார்டையும் வருமானச் சான்றையும் தூக்கிக்கொண்டு அலையக்கூடாது.

வீட்டுக்கு வரும்போது ஐந்து மாத்திரை. ரத்தம் உறையாமல் இருக்க ரெண்டு, கொழுப்புக்கு அட்டர்வாஸ்டாடின் 40, இதயத் துடிப்புக்கும் பிரஷருக்கும் மெட்டோப்ரோலால், ராமிப்ரில். எல்லாம் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். வெள்ளைத் தாள் கவரில் பேனாவால் காலை, இரவு என்று கோடு போட்டுக் கொடுப்பார்கள். இந்தக் கவர் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

பயத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் உப்பைக் குறை, பீடியை விடு, நட என்று இருக்கும். ராத்திரி பதினோரு மணிக்குத் தலையணையில் காதை வைத்தால் உங்கள் இதயமே உங்களுக்குக் கேட்கும், ஒரு துடிப்பு தப்பின மாதிரி இருந்தால் எழுந்து உட்கார்ந்து விடியும்வரை சுவரைப் பார்ப்பீர்கள் என்று எந்தச் சீட்டிலும் இல்லை. 40 கிலோ கியர்பாக்ஸைத் தனியாகத் தூக்கினவன் நான், குடம் தண்ணீர் தூக்கப் பயந்தேன். ஜூலையில் வீட்டுக்காரி மகளின் ரெண்டாவது பிரசவத்துக்குத் திருப்பூர் போனாள். நான்தான் போகச் சொன்னேன். "எனக்கு ஒண்ணும் இல்ல, நீ போ" என்று பெரிய வீரன் மாதிரி. அவள் ரயில் ஏறின அன்று ராத்திரியே ஏன் அனுப்பினோம் என்றிருந்தது. அவன் வந்தது அந்த வாரம்தான்.

பெயர் வேண்டாம். எனக்கு மச்சான் முறை, தங்கச்சிமடம் பக்கம். நல்ல பையன், இப்போதும் சொல்கிறேன், கெட்டவன் இல்லை. ஒரு கம்பெனியில் சேர்ந்து ஆளைச் சேர்த்துவிடுகிற வேலை பார்த்தான். போனில் ஒரு வீடியோ காட்டினான். இரும்பு துருப்பிடிக்கிறது, வெட்டி வைத்த ஆப்பிள் பழுப்பாகிறது, அதே மாதிரி ரத்தக்குழாய்க்குள் கொழுப்பு ஆக்ஸிஜன் பட்டுக் கெட்டுப்போய் ஒட்டுகிறது. "அதைத் தடுக்கிறதுதான் மச்சான் ஆன்டிஆக்ஸிடன்ட். ஆஸ்பத்திரில ஸ்டென்ட் வெச்சு விடுவாங்க, துருவை யாரு எடுக்கிறது?" விட்டமின் ஈ 400 யூனிட் காலையும் இரவும், விட்டமின் சி, பீட்டா கரோட்டின், செலினியம் சேர்ந்த ஒரு மாத்திரை, பூண்டு கேப்ஸ்யூல், மீன் எண்ணெய். மாசம் 6,300 ரூபாய். மெம்பர் ஆனால்தான் அந்த விலை, மெம்பராக 3,500. முதல் மூன்று மாசத்துக்குச் சேர்த்து வாங்கினால்தான் பலன் தெரியும் என்றான். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து 22,400 கொடுத்தேன். வீட்டுக்காரிக்குச் சொல்லவில்லை. டாக்டருக்கும் சொல்லவில்லை. வீட்டுக்காரியிடம் மறைத்தது காசு போனதற்காக. டாக்டரிடம் ஏன் மறைத்தேன் என்று யோசித்துப் பார்த்தால், அவர் வேண்டாம் என்பார் என்று எனக்கே உள்ளுக்குள் தெரிந்திருக்கிறது.

இதில் எனக்கு வெட்கம் தருகிற ஒரு விஷயம் இருக்கிறது. படகு கட்டுகிற எங்கள் ஜெட்டிக்கு வருஷத்துக்கு ரெண்டு பேராவது ஆயிலில் ஊற்றுகிற அடிட்டிவ் விற்க வருவார்கள். ஊற்றினால் இன்ஜின் பத்து வருஷம் தாங்கும், டீசல் மிச்சமாகும் என்பார்கள். நான் அவர்களை உட்காரக்கூட விடமாட்டேன். "அதே இன்ஜின் ரெண்டு எடு, ஒண்ணுல ஊத்து, ஒண்ணுல ஊத்தாதே, ரெண்டையும் ஒரே கடல்ல ஓட்டு, வருஷம் கழிச்சுப் பிரிச்சுக் காட்டு, அப்புறம் பேசு" என்று அனுப்பிவிடுவேன். இரும்புக்குக் கேட்ட கேள்வியை என் உடம்புக்குக் கேட்கத் தோன்றவில்லை. பயந்த மனுஷனுக்கு ஆதாரம் தேவைப்படுவதில்லை, யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் போதும். அவன் உட்கார்ந்தான். டீ குடித்தான். நெஞ்சு வலி வந்த கதையை முழுசாகக் கேட்டான். ஆஸ்பத்திரியில் 200 பேர் வரிசையில் நிற்கும்போது அது நடக்காது, அது டாக்டர் தப்பும் இல்லை.

இப்போது அந்தத் தாள் கவருக்கு வருகிறேன். ஒரு பக்கம் இலவசமாக வந்த வெள்ளைக் கவர். இன்னொரு பக்கம் தங்க மூடி போட்ட டப்பா, மேலே இதயம் படம், உள்ளே தேன் நிறத்தில் பளபளக்கிற கேப்ஸ்யூல். எது உயிரைக் காப்பாற்றுகிறது என்று கண்ணை மட்டும் கேட்டால் என்ன சொல்லும்? முதல் மாசம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. தூக்கம் வந்தது, நடக்கப் பயம் குறைந்தது. கேப்ஸ்யூல்தான் என்று நம்பினேன். அட்டாக் வந்து மூன்று மாசம் ஆனால் தசை ஆறி யாருக்குமே கொஞ்சம் தெம்பு வரும் என்று பின்னால் டாக்டர் சொன்னார். ஆறுகிற புண்ணுக்குப் பக்கத்தில் யார் நின்றாலும் அவருக்குப் பெயர் கிடைத்துவிடும். ஆகஸ்டில் ரிவ்யூவுக்குப் போனபோது கெட்ட கொழுப்பு 71 என்று வந்தது. அதையும் டப்பாவின் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

செப்டம்பரில் கெண்டைக்கால் வலி. படி ஏறினால் பிடித்துக்கொள்ளும். மச்சானிடம் சொன்னேன். "கொழுப்பு மாத்திரைதான் மச்சான் தசையைத் தின்னும், நெட்ல போட்டுப் பாருங்க. நம்மகிட்ட இயற்கையா இருக்கு, அதைக் கொஞ்ச நாள் விட்டுப் பாருங்களேன்" என்றான். இதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. அந்த வகை மாத்திரையால் சிலருக்குத் தசைவலி வருவது நிஜம். அப்படி வந்தால் டாக்டரிடம் போனால் ரத்தத்தில் ஒரு டெஸ்ட் எடுத்து, டோஸைக் குறைப்பார்கள், வேறு மாத்திரைக்கு மாற்றுவார்கள். நான் போகவில்லை. செப்டம்பர் கடைசியில் அட்டர்வாஸ்டாடினை நிறுத்தினேன். கால்வலி குறைந்தது. என் மச்சான் டாக்டரைவிடப் பெரிய ஆள் ஆகிவிட்டான்.

அக்டோபரில் பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். ஸ்பேனர் நழுவி முழங்கையில் பட்டால், முன்னெல்லாம் தேய்த்துவிட்டுப் போகிற அடி, இப்போது உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாய்ந்தது. உறையாமல் இருக்கத்தானே மாத்திரை, அப்படித்தான் இருக்கும் என்று விட்டேன். டிசம்பர் முதல் வாரம், வாடைக்காற்று அடிக்கிற நாள், பட்டறையில் குனிந்து பம்ப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. நான் ஆயில் என்று நினைத்தேன். பையன்கள் தலையை அண்ணாந்து பிடித்து, தண்ணீர் அடித்து, வெங்காயத்தை முகரவைத்து என்னென்னவோ செய்தார்கள். ரத்தம் தொண்டைக்குள் இறங்கி வாந்தி வந்தது. 40 நிமிஷம் நிற்கவில்லை. தலையை அண்ணாத்தவே கூடாது என்று பிறகு நர்ஸ் திட்டினார். முன்பக்கம் குனிந்து உட்கார்ந்து, மூக்கின் எலும்புக்குக் கீழே மெத்தென்று இருக்கிற பகுதியைப் பத்துப் பதினைந்து நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது, அப்படியும் நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. எனக்கு மூக்கில் துணி அடைத்து ஒரு ராத்திரி படுக்க வைத்தார்கள்.

காலையில் வந்த டாக்டரம்மா சின்ன வயசு. சீட்டைப் பார்த்தார், மாத்திரையைப் பார்த்தார், பிறகு ஒரே கேள்வி. "ஐயா, இது போக வேற என்ன சாப்பிடுறீங்க?" நான் ஒன்றுமில்லை என்றேன். அவர் நகரவில்லை. "நாட்டு மருந்து, லேகியம், சத்து மாத்திரை, யாராவது குடுத்த பொடி, எதுவா இருந்தாலும் சொல்லுங்க, நான் திட்ட மாட்டேன்." அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் சொன்னேன். பையனை அனுப்பி டப்பாக்களை எடுத்துவரச் சொன்னார். விட்டமின் ஈ இந்த அளவுக்குப் போனால் ரத்தம் உறைவதற்கு உடம்பு நம்பியிருக்கிற விட்டமின் கே-யின் வேலையைக் கெடுக்கும், பூண்டு கேப்ஸ்யூலும் ரத்தத்தைத் தளர்த்தும், ஏற்கெனவே ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் ஓடிக்கொண்டிருக்கிற உடம்பில் இதையெல்லாம் மேலே ஏற்றினால் என்ன ஆகும் என்று கேட்டார். அன்றைக்கு எடுத்த டெஸ்டில் கெட்ட கொழுப்பு 148. ஆகஸ்டில் 71. ரெண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எதுவும் சொல்லாமல் என்னைப் பார்த்தார்.

எனக்கு அப்போது எழுந்த அடுத்த புத்தி என்ன தெரியுமா? ரத்தம் வருகிறதே, ஐந்து மாத்திரையையும் நிறுத்திவிட்டால் என்ன? அதைக் கேட்டபோதுதான் அந்த அம்மா குரல் உயர்ந்தது. ஸ்டென்ட் வைத்த முதல் வருஷத்தில் ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையைத் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே கட்டி உருவாகி மறுபடி அட்டாக் வரலாம், அது முதலாவதைவிட மோசமாகவும் இருக்கலாம். ஈறில் ரத்தம், மூக்கில் ரத்தம், மலம் தார் மாதிரி கறுப்பாகப் போவது, எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் ஓடு, மாத்திரையை நீயே நிறுத்தாதே. நிறுத்த வேண்டியது தங்க மூடி டப்பாவை. கொழுப்பு மாத்திரையை ரோசுவாஸ்டாடினாக, குறைந்த டோஸில் மாற்றிக் கொடுத்தார். கால்வலி அதில் பெரிதாக வரவில்லை. பிப்ரவரியில் 66-க்கு இறங்கியது. நான் செப்டம்பரிலேயே கேட்டிருக்கலாம்.

என் தங்கச்சி மகள் மதுரையில் பி.ஃபார்ம் படிக்கிறாள். பொங்கலுக்கு வந்தவளிடம் டப்பாவைக் கொடுத்தேன். முதலில் அவள் பார்த்தது பின்பக்கத்துச் சின்ன எழுத்து. "மாமா, இதுல இங்கிலீஷ்ல என்ன போட்டிருக்கு தெரியுமா? மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்லன்னு. அவங்களே எழுதியிருக்காங்க." அதன் பக்கத்தில் 14 இலக்க எண் ஒன்று. அது மருந்து லைசென்ஸ் இல்லை, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எண். பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கிற அதே வகை எண். இந்த மாதிரிச் சத்து டப்பாக்களை உணவு என்ற கணக்கில்தான் விற்கிறார்கள், நோயைக் குணமாக்கும் என்று நிரூபிக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை, அதனால்தான் அந்த வரியைப் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இதய நோயைக் குணமாக்கும் என்று மருந்து விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954-லேயே சட்டம் வந்திருக்கிறது என்றும் சொன்னாள். டப்பாவில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லைதான். இதயத்தைப் படமாகத்தான் போட்டிருந்தார்கள். பேச்சு முழுக்க வாயால் வந்தது. டப்பா உங்கள் கையில் இருந்தால் இப்போதே திருப்பிப் பாருங்கள்.

அப்புறம் நான் அவளிடம் என் ஜெட்டிக் கேள்வியைக் கேட்டேன். ரெண்டு இன்ஜின், ஒன்றில் ஊற்றி ஒன்றில் ஊற்றாமல், யாராவது ஓட்டிப் பார்த்திருக்கிறார்களா? "ஓட்டியிருக்காங்க மாமா, நீங்க கேக்கிறதைவிடப் பெருசா" என்று போனில் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். இந்த நம்பிக்கை காற்றில் வந்ததில்லை. 1996-ல் கேம்பிரிட்ஜில் இதய நோயாளிகள் சுமார் 2,000 பேரை வைத்துப் பார்த்ததில் விட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்கு உயிர் போகாத மாரடைப்பு குறைந்ததாக வந்தது. உலகமே சந்தோஷப்பட்டது. அதற்குப் பிறகு இத்தாலியில் சரியாக என்னைப் போன்றவர்களையே, அதாவது சமீபத்தில் மாரடைப்பு வந்து பிழைத்தவர்கள் 11,324 பேரைச் சேர்த்து மூன்றரை வருஷம் பார்த்தார்கள். 1999-ல் முடிவு. தினம் 300 மில்லிகிராம் விட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்குக் குறிப்பிடும்படி லாபம் இல்லை. 2000-ல் வந்த இன்னொன்றில் 9,541 பேர், தினம் 400 யூனிட், சராசரி நாலரை வருஷம், லாபம் இல்லை. அதே ஆட்களில் பலரை மேலும் தொடர்ந்து பார்த்து 2005-ல் சொன்னது, விட்டமின் ஈ எடுத்தவர்களுக்கு இதயம் பலவீனமாகிப் போவது கொஞ்சம் கூடுதலாக இருந்தது என்று. 2002-ல் இங்கிலாந்தில் 20,536 பேருக்கு ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் சேர்த்து ஐந்து வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் விட்டமின் அளவு ஏறியது, மாரடைப்பும் சாவும் குறையவில்லை. அந்த மூன்றும் என் டப்பாவிலும் இருந்தன.

2001-ல் வந்த ஒன்று சின்ன ஆராய்ச்சிதான், 160 பேர். ஆனால் கேட்டபோது எனக்கு வயிறு கலங்கியது. கொழுப்பு மாத்திரையோடு நியாசின் என்ற பி வகை விட்டமினும் எடுத்தவர்களுக்கு நல்ல கொழுப்பு கூடி, குழாய் அடைப்பு லேசாகக் குறையவே செய்தது. அதோடு ஈ, சி, பீட்டா கரோட்டின், செலினியம் நான்கையும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு அந்தப் பலன் மட்டுப்பட்டது. துரு எடுக்க வந்தவன் நல்ல வேலையைத் தடுத்திருக்கிறான். இன்னொன்று, நான் 28 வருஷம் பீடி குடித்தவன். ஃபின்லாந்தில் புகை பிடிக்கிற ஆண்கள் 29,133 பேரிடம் பார்த்து 1994-ல் வெளியிட்டதில், பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது. காரட் தின்றவர்களுக்கு இல்லை, மாத்திரை எடுத்தவர்களுக்கு. பீடி குடித்தவர்கள் இதை ஒருமுறை நிறுத்திப் படியுங்கள். என்னிடம் மச்சான் பீடி குடிப்பீர்களா என்று கேட்கவே இல்லை.

அப்படியானால் துரு என்பதே பொய்யா என்றால், இல்லை. கெட்ட கொழுப்பு ஆக்ஸிஜன் பட்டு மாறுவது, அதை வெள்ளணுக்கள் விழுங்கி நுரை மாதிரி வீங்கிக் குழாய்ச் சுவரில் தங்குவது, எல்லாம் உண்மை. எனக்கு என் தொழிலிலேயே விளக்கம் கிடைத்தது. படகின் அடியில் புரொப்பல்லர் பக்கம் ஜிங்க் துண்டு வைப்போம். கடல் தண்ணீர் இரும்பைத் தின்பதற்குப் பதில் அதைத் தின்னும். ஆன்டிஆக்ஸிடன்ட்டும் அந்த வகைதான், தான் கெட்டு மற்றதைக் காக்கும். அதற்காக ஒரு துண்டு போதுமான இடத்தில் எட்டுத் துண்டு அடித்தால் எட்டு மடங்கு காப்பு வராது. மரப்படகில் ஜிங்க் அதிகமானால் அது காக்கிற இரும்பைச் சுற்றியிருக்கிற பலகை பொசபொசவென்று பஞ்சாகிவிடும், கையால் கிள்ளி எடுத்திருக்கிறேன். அதோடு என் வியாதி துரு மட்டும் இல்லை. டீசலிலேயே சேறு வருகிறது. சேறு வராமல் ஃபில்டர் போடுவதுதான் அந்த இலவச மாத்திரை. நான் ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு ஜிங்க் அடித்துக்கொண்டிருந்தேன்.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சேர 3,500, மாசத்துக்கு ஒரு கிட் வீதம் ஆறு கிட் 37,800, மொத்தம் 41,300. ஆறாவது கிட் பிரிக்காமல் இருந்தது. அதைத் திருப்பி எடுக்கச் சொல்லி மச்சான் மூலமாகக் கேட்டபோது கம்பெனியில் போனை எடுக்கவில்லை. இந்த மாதிரி நேரடி விற்பனைக் கம்பெனிகளுக்கு 2021-ல் மத்திய அரசு விதிமுறை கொண்டுவந்திருக்கிறது, புகார் கேட்க ஆள் வைத்திருக்க வேண்டும். அதை மகன்தான் தேடிக் கண்டுபிடித்து, பில்லையும் பணம் போன குறுஞ்செய்தியையும் சேர்த்து எழுதினான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கும் பேசினான். மூன்று வாரம் கழித்து பிடித்தம் போக 4,410 வந்தது. பிரித்த டப்பாவுக்கு ஒன்றும் இல்லை. பில் இல்லாவிட்டால் அதுவும் வந்திருக்காது. கையில் காசு கொடுத்து வாங்கினால் உங்கள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சுதான். அடகுச் சங்கிலியைத் திருப்ப மே மாசம் ஆனது. வீட்டுக்காரிக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை. "என்கிட்ட சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனே" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மச்சான் மேல் எனக்குக் கோபம் இருந்தது. ஒருநாள் நேரில் போனேன், சண்டை போடத்தான். அவன் கட்டிலுக்கு அடியில் பிரிக்காத கிட் 14 இருந்தது. மாசா மாசம் இவ்வளவு எடுத்தால்தான் அடுத்த படி என்று அவனும் வாங்கிக் குவித்திருக்கிறான், லட்சத்துக்கு மேல் கடன். அவன் அம்மாவுக்கும் பிரஷர், அவருக்கும் இதைத்தான் கொடுத்திருக்கிறான். நம்பித்தான் விற்றிருக்கிறான். என்ன சொல்வது? டீ குடித்துவிட்டு வந்தேன். வரும்போது அவன் அம்மாவின் பிரஷர் மாத்திரை அட்டையைத் தேடி எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

சாப்பாட்டில் என்ன செய்கிறேன் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சிரிப்பாகத்தான் இருக்கும், கடலுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு மாசம் 1,400 ரூபாய்க்கு மீன் எண்ணெய் கேப்ஸ்யூல் வாங்கியிருக்கிறேன். இப்போது வாரம் மூன்று நாள் சாளையோ சூடையோ குழம்பு, பொரிப்பது கிடையாது. முருங்கைக்கீரை வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. கொய்யா, நெல்லிக்காய் கிடைக்கிறபோது. கருவாடுதான் விடமுடியாமல் இருந்தது. அதில் மீனைவிட உப்பு முன்னால் நிற்கும். ஒரு நாளைக்கு மொத்தமாக 5 கிராம், ஒரு தேக்கரண்டி உப்புக்கு மேல் வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, ஒரு துண்டு கருவாடே அதில் பாதியைச் சாப்பிட்டுவிடும். மாசத்துக்கு ஒருமுறை, ஊறவைத்து மூன்று தண்ணீர் மாற்றி, பழைய சோற்றுக்கு ஒரு சின்னத் துண்டு. அதை டாக்டரம்மாவிடமும் சொல்லித்தான் வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் எதையும் மறைப்பதில்லை. விழுங்குகிற எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன், இருமல் மருந்து முதற்கொண்டு. எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் தாளை நீட்டிவிடுவேன், பல் டாக்டராக இருந்தாலும்.

ராத்திரிப் பயம் முழுசாகப் போகவில்லை. 2025 ஜூனில் குளோபிடோக்ரெலை டாக்டரே நிறுத்தினார், அன்றைக்கும் தூக்கம் வரவில்லை. இப்போது அந்த மாதிரி நாட்களில் வீட்டுக்காரியை எழுப்பிவிடுகிறேன். அவள் கொஞ்ச நேரம் திட்டிக்கொண்டே பேசிக்கொண்டிருப்பாள், அப்படியே தூங்கிவிடுவேன்.

தங்க மூடி டப்பாக்களைத் தூக்கிப்போட மனசில்லை, நல்ல பிளாஸ்டிக். கழுவிப் பட்டறையில் வைத்து ஒன்றில் ஸ்பிளிட் பின், ஒன்றில் ஓ ரிங், ஒன்றில் அரை இஞ்ச் வாஷர் போட்டிருக்கிறேன். உப்புக்காத்து உள்ளே போகவில்லை, ஒன்றரை வருஷமாக ஒரு வாஷர்கூடத் துருப்பிடிக்கவில்லை.